மாடி ஏழாம் வார்டு, கீழ் வீடு ஆறாம் வார்டு

மார்ச் 4, புதன்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். மாடியில் நாங்கள் மூவரும் நலம். கீழே நீங்களும் அத்தையும் நலம் என்பது உங்கள் இருமலிலிருந்தும் அத்தையின் மிக்ஸி சத்தத்திலிருந்தும் தெரிகிறது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள். காலையில் நீங்கள், "ஏம்மா, உங்க ஆபீஸ்ல நம்ம வார்ட என்ன பண்றீங்க?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறி ஓடிவிட்டேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்து ஓடினேன். என் செருப்பு ஒன்று இன்னும் உங்கள் வாசலில்தான் கிடக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் எல்லை வாரியத்தில் ஒரு விதி போட்டிருக்கிறார்கள். புதிய வார்டு வரைபடம் முடிவாகும் வரை கவுன்சிலர் யாரும் எங்களிடம் எல்லையைப் பற்றி வாய்ப்பேச்சாகப் பேசக்கூடாது. எழுத்தில்தான் கேட்க வேண்டும், எழுத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே செயலாளர் மேடத்திடம், "எங்க மாமனார் கவுன்சிலர்" என்று சொல்லிவிட்டேன். "இந்த ஊர்ல யாருக்குத்தான் யாரும் சொந்தமில்ல? எழுத்துல வைங்க, போதும்" என்றார்.

எனக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. "வீட்டுல உப்பு தீந்துபோச்சுன்னு சொன்னா அது தப்பா மேடம்?" என்று கேட்டேன்.

"எல்லையப் பத்திப் பேசாத வரைக்கும் தப்பில்ல."

"எங்க மாமா உப்புல ஆரம்பிச்சாலும் ரெண்டாவது வரியில வார்டுக்கு வந்துடுவாரே மேடம்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அப்ப உப்பையும் எழுத்துல வச்சிடுங்க" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். இதன் நகல் வாரியத்தின் வாசிப்பு அறையில் ஒரு கோப்பில் இருக்கும். ஊரில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எனவே பதில் எழுதும்போது அத்தையின் தங்கையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

குழந்தையின் நீலச் சட்டையில் ஒரு பொத்தானைக் காணோம். விழுங்கியிருப்பானோ என்று பயந்து கட்டிலுக்கு அடியில்கூடத் தேடிவிட்டேன். கீழே கிடந்தால் சொல்லுங்கள். எழுத்தில்.

தங்கள் அன்பு மருமகள்
(மாடி)


மார்ச் 5, வியாழன்

அன்பு மருமகளுக்கு,

ஆசிகள். உன் கடிதத்தை உன் புருஷன் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போது சிரித்தான். அவனைக் கொஞ்சம் கண்டித்து வை.

செருப்பை உன் அத்தை எடுத்து வைத்திருக்கிறாள். பொத்தான் இங்கே இல்லை. நீ பயப்படாதே. உன் புருஷன் சின்ன வயதில் ஒரு ஆணியையே விழுங்கியவன். அவனுக்கு என்ன கெட்டுவிட்டது? (இதை யோசித்துவிட்டுப் பதில் எழுது.)

இனி வார்டு. இந்த ஊரில் யார் பிறந்தாலும் என் நாற்காலி, யார் போனாலும் என் நாற்காலி. வாடகை நாற்காலிக் கடை வைத்தவனுக்குத் தெரியாத வீடு கிடையாது. போன தடவை வார்டு பிரித்தபோது நாங்கள் கவுன்சிலர்கள் எல்லாரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஆளுக்கொரு பென்சில். அவனவன் தெருவை அவனவன் வளைத்துக்கொண்டான். தேநீர் வந்தது, குடித்தோம், கலைந்தோம். ஒரு சண்டை உண்டா? ஒரு வழக்கு உண்டா? இப்போது பென்சிலுக்குப் பதில் கம்ப்யூட்டர் கோடு போடுகிறதாம்.

என் வார்டு பல்லி மாதிரி இருக்கிறது என்று உங்கள் ஆபீஸில் சிரிக்கிறார்களாம். பல்லிக்கு வால் சும்மாவா இருக்கிறது? அந்த வால் போய்ச் சேருகிற சந்தைத் தெருவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் என் வாடிக்கையாளர்கள். வாலை வெட்டினால் பல்லி துடிக்கும் என்று உன் கம்ப்யூட்டரிடம் சொல்லி வை.

பேசக்கூடாது என்றால் நான் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. வரைபடம் முடிகிற வரை மாடிப்படியில் கால் வைக்க மாட்டேன். பேரனிடம் பக்குவமாகச் சொல்லு.

இப்படிக்கு,
ஏழாம் வார்டு உறுப்பினர்
(கீழ் வீடு)


மார்ச் 9, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பேரனிடம் பக்குவமாகச் சொன்னேன். அவன் கேட்கிற வயதா? படியின் உச்சியில் போட்டிருக்கிற தடுப்புக் கதவைப் பிடித்துக்கொண்டு, கரண்டியால் தட்டித் தட்டி, "தா! தா!" என்று கத்துகிறான். அவனுக்கு விதி புரியவில்லை. எனக்கும் இந்த அளவுக்குப் புரியவில்லை. எல்லையைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதான் எழுதினேன். ஏறி வர வேண்டாம் என்று எழுதவில்லையே மாமா.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் யாருடைய தெருவையும் வளைப்பதில்லை. அதற்கு நாங்கள் சொல்லியிருப்பது மூன்றே விஷயம். வார்டுக்கு வார்டு ஜனத்தொகை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும். ஒரு தெருவை இரண்டாக உடைக்காதே. வாலும் கொம்பும் இல்லாமல் கச்சிதமாக வை. யார் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதை நாங்கள் அதற்குச் சொல்லவே இல்லை. நீங்கள் நாற்காலிக்காரர் என்பதும் அதற்குத் தெரியாது. இப்படி ஆயிரக்கணக்கான வரைபடங்களைப் போட்டுப் பார்க்கிறது. போட்டதில் எதிலுமே, சத்தியமாக எதிலுமே, பல்லி வரவில்லை.

பழைய ஆலைக் குடியிருப்பு உங்களுக்குத் தெரியும். உங்கள் பென்சில்கள் நான்கு அதன் நடுவில்தான் சந்தித்திருக்கின்றன. நான்கு வார்டுக்குக் கால்வாசி கால்வாசி. சந்திக்கிற இடத்தில் ஒரு குப்பைமேடு. போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு அம்மா, "ஒவ்வொரு கவுன்சிலரும் வந்து பாத்துட்டு, இது பக்கத்து வார்டு குப்பைம்மா-ன்னு சொல்லிட்டுப் போறாங்க. குப்பைக்கு மட்டும் எல்லை தெரியல, நாலு பக்கமும் சரியுது" என்றார். வந்து பார்த்தவர்களில் நாற்காலிக்காரரும் உண்டா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

வாசிப்பு அறையில் நம் கோப்பு அழுக்காகிவிட்டது. நிறையப் பேர் படிக்கிறார்களாம். பொத்தான் விஷயத்துக்கு ஏகப்பட்ட யோசனைகள் எழுதிப் போட்டிருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர்கூட, "பயம் வேண்டாம் சகோதரி, வெளியே வந்துவிடும், கவனித்துக்கொண்டே இருங்கள்" என்று எழுதியிருக்கிறார். கவனித்துக்கொண்டேதான் இருக்கிறேன். வேறு என்னென்னவோ வருகிறது, பொத்தான் வரவில்லை.

தங்கள்
மருமகள்


மார்ச் 17, செவ்வாய்

மருமகளுக்கு,

ஆசி உண்டு, ஆனால் கோபத்தோடு.

முதலில் மருந்துக்கடைக்காரன். என்னை எதிர்த்து நின்று இரண்டு தடவை தோற்றவன். அவன் என் பேரன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பேசுவதா? அடுத்த தடவை குழந்தைக்குத் தும்மல் வந்தாலும் எனக்கு மட்டும் எழுது.

இரண்டாவது, வரைபடம். இன்று உங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டியதைப் போய்ப் பார்த்தேன். ஆலைக் குடியிருப்பு முழுசாக ஆறாம் வார்டில் இருக்கிறது. சரி. சந்தைத் தெரு முழுசாக ஏழாம் வார்டில் இருக்கிறது. அதுவும் சரி. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு வருகிறது. அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். வந்தேன், வந்தேன், என் சமையலறையில் வந்து நின்றது.

"இது எப்படிம்மா?" என்று உங்கள் செயலாளர் அம்மாவைக் கேட்டேன். "எழுத்துல கேளுங்க" என்றாள். எழுத்தில் கேட்டேன், நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தாள். பெரிய தெருவைப் பார்த்த வாசல்கள் ஆறாம் வார்டாம். பின் சந்தைப் பார்த்த வாசல்கள் ஏழாம் வார்டாம். மற்ற வீடுகளுக்கெல்லாம் ஒரே வாசல். நம் வீட்டில் மட்டும் கீழ் வாசல் பெரிய தெருவில், மாடி வாசல் பின் சந்தில், தனித்தனிக் கதவு எண்ணோடு.

அந்த மாடிக்குத் தனி எண் வாங்கியது யார்? நான்தான். இரண்டாவது தண்ணீர் இணைப்புக்காக. நகராட்சியில் என் செல்வாக்கு முழுவதையும் செலவழித்து வாங்கியது. அது உங்கள் கம்ப்யூட்டர் வாயில் போய் விழும் என்று நான் கண்டேனா?

இந்தத் தடவை விதிப்படி அந்தந்த வார்டில் குடியிருப்பவன்தான் அந்தந்த வார்டில் நிற்கலாம். கீழே இருந்தால் எனக்கு ஆறாம் வார்டு. அங்கே என்னைக் கவுன்சிலராக யாருக்குத் தெரியும்? தெரிந்தவர்களுக்கும் குப்பைமேட்டில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்றுதான் தெரியும். (நீ கேட்காமல் விட்டாயே, அதற்குப் பதில்.)

எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். கோட்டை நகர்த்து என்று நான் கேட்கவில்லை. அது உன் வேலைக்குக் கெடுதல். கோடு அங்கேயே இருக்கட்டும், நான் நகர்கிறேன். நானும் உன் அத்தையும் மாடிக்கு வருகிறோம், நீங்கள் மூவரும் கீழே வாருங்கள். மாடி உங்கள் பேரில் பதிவாகியிருப்பதால் முகவரி மாற்ற உன் கையெழுத்து வேண்டும். ஒரு கையெழுத்து. சாமான்களை நாற்காலிக் கடை வண்டியிலேயே ஏற்றிவிடலாம்.

மாமா என்ற முறையில் உன்னிடம் ஒரு தடவைகூட எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

இப்போதைக்கு ஏழாம் வார்டு உறுப்பினர்


மார்ச் 18, புதன்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். குழந்தை இப்போதுதான் தூங்கினான். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என்ன செய்யலாம் என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டேன். "ரெண்டு பேருமே ஆபீஸ் விஷயமா எழுதிக்கிறீங்க, நான் வெறும் தபால்காரன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். தலையணையால் ஒன்று போட்டேன்.

மாமா, வீடு உங்களுடையது. இடம் மாறச் சொன்னால் நாளைக்கே மாறுகிறோம். ஆனால் நீங்கள் நிஜமாகவே மாடியில் வந்து இருப்பீர்களா? அல்லது மாடியில் இருப்பதாகக் காகிதத்தில் மட்டும் இருப்பீர்களா? காகிதத்தில் மட்டும் என்றால் நான் கையெழுத்துப் போட முடியாது. கோடு போட்டவளே தன் வீட்டு ஆளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தாள் என்று ஆகிவிடும். அப்புறம் ஆலைக் குடியிருப்பு அம்மாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

காகிதத்தில்தான் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், அத்தை சொல்லிவிட்டார்கள். கொடியில் துணி எடுக்க வந்தவர்கள் அழாத குறையாகச் சொன்னார்கள். "விதியாவது ஒண்ணாவது! அவருக்கு ரெண்டு முட்டியும் போயிடுச்சு. நாலு படி ஏறினா உக்காந்துடறாரு. வெளிய தெரிஞ்சா ஓட்டு கேக்க நடக்க மாட்டாருன்னு சொல்லிடுவாங்களாம். அதான் மாடிக்கு வராததுக்கு உன் ஆபீஸை ஒரு சாக்கா வச்சுக்கிட்டாரு" என்றார்கள்.

ஏன் மாமா என்னிடம் சொல்லவில்லை? நீங்கள் கோபத்தில் ஏறி வரவில்லை என்று நினைத்து இத்தனை நாளாக நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. மாடி வாசலில் குடியேறி, தினமும் அத்தனை படி ஏறி இறங்கி, சந்தை வரைக்கும் நடந்து ஓட்டுக் கேட்பீர்களா? என் கையெழுத்தால் உங்கள் கால் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

முடியாது என்று உங்களிடம் சொல்வது இதுதான் முதல் தடவை. இந்த வரியை மட்டும் நான்கு தடவை அடித்து அடித்து எழுதினேன். காகிதம் கசங்கியிருந்தால் அதனால்தான்.

தங்கள் அன்பு மருமகள்


மார்ச் 21, சனி

மாமா,

பாவி நான். உங்கள் முட்டியைப் பற்றி எழுதிய கடிதத்தை வழக்கம்போல நகல் எடுத்து, வழக்கம்போல முத்திரை குத்தி, வழக்கம்போலக் கோப்பில் போட்டுவிட்டேன். என் கையாலேயே. ஊர் முழுவதும் படிக்கிற கோப்பு என்பது அந்த நேரம் தலையில் ஏறவே இல்லை. உங்களுக்கு எழுதும்போது உங்களுக்கு மட்டும் எழுதுவதாகவே நினைத்துவிடுகிறேன்.

இன்று மருந்துக்கடை வாசலில் பலகையைப் பார்த்தேன். "முட்டி வலித் தைலம். கவுன்சிலர்களுக்கு இலவசம்."

செயலாளர் மேடத்திடம் ஓடினேன். அந்தக் கடிதத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "கோப்புல போனது போனதுதான்" என்றார். பிறகு மெதுவாக, "எனக்கும் இடது முட்டி" என்றார்.

அத்தை குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாடிக்கு வருகிறார்கள், போகிறார்கள். உங்களைப் பற்றிக் கேட்டால், "கடையில இருக்காரு" என்பதோடு சரி. என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

மருமகள்


மார்ச் 27, வெள்ளி

மாமா,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கிடைக்கவில்லையோ என்று உங்கள் பிள்ளையைக் கேட்டேன். கையில் கொடுத்ததாகச் சொன்னார். நீங்கள் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். கிழித்துப் போடவில்லையே என்று ஒரு நிமிஷம் ஆறுதல், மறு நிமிஷம் பயம்.

நேற்று மாலை நீங்கள் கைத்தடியோடு கடையிலிருந்து வேறு பக்கம் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைத்தடி! எங்கே போனீர்கள்? இருட்டும் வரை காணோம். படியில் உட்கார்ந்து கேட் சத்தத்துக்குக் காத்திருந்தேன். சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே போனேன்.

திங்கட்கிழமை வரைபடம் முடிவாகிறது. ஆட்சேபணை இருந்தால் அதற்குள் கொடுக்கலாம். என் பேரில் ஆட்சேபணை என்றாலும் கொடுக்கலாம்.

மருமகள்


மார்ச் 29, ஞாயிறு

அன்பு மருமகளுக்கு,

ஆசிகள். உனக்கு ஏன் பதில் எழுதவில்லை என்றால், வாயில் வந்த வார்த்தைகள் அத்தனையும் வாசிப்பு அறையில் வைக்க லாயக்கற்றவையாக இருந்தன. அதனால் ஆறட்டும் என்று விட்டேன்.

முட்டி விஷயம் ஊருக்குத் தெரிந்த மறுநாள் கடையில் உட்கார வெட்கமாக இருந்தது. வருகிறவன் எல்லாம் என் காலைப் பார்த்துத்தான் பேசுகிறான். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கைத்தடியை வெளியே எடுத்தேன். எங்கள் அப்பாவின் தடி. இத்தனை வருஷமாகப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை மாலை, இந்த ஆறாம் வார்டு என்கிறார்களே, அது எவ்வளவு தூரம்தான் போகிறது என்று பார்ப்போமே என்று கிளம்பினேன். மருமகளே, போன வேகத்தில் முடிந்துவிட்டது! எங்கே திரும்பினாலும் நம் வீட்டுக் கூரை தெரிகிறது. பல்லி வார்டில் தலையிலிருந்து வால் வரை போக ஒரு பொழுது ஆகும், வந்து படுத்தால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. அதைப் பென்சிலால் வளைத்தபோது எனக்கு முட்டி நன்றாக இருந்தது. அதுதான் கோளாறு.

ஆலைக் குடியிருப்பில் அந்தக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் கால் பிடித்துக்கொண்டது. நின்றுவிட்டேன். ஒரு அம்மா வெளியே வந்தாள். "நாற்காலிக்காரர்தானே? முட்டி வலின்னு கடுதாசியில படிச்சோம்" என்றாள். உள்ளே திரும்பி, "ஏய், அந்த நாற்காலிய எடுத்துட்டு வா!" என்று கத்தினாள். ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஒரு கால் கொஞ்சம் ஆட்டம். உட்கார்ந்தேன்.

ஊருக்கெல்லாம் நாற்காலி போட்டவன் நான். எனக்கென்று ஒருத்தர் நாற்காலி போட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "குழந்தை பொத்தான முழுங்கிடுச்சா இல்லியா, அதச் சொல்லுங்க முதல்ல" என்கிறார்கள். உன் கோப்பைப் படிக்காத ஆள் அங்கே கிடையாது. ஒருத்தன், "மருமகள் முடியாதுன்னு சொன்னது சரிதான் சார்" என்றான். "அது எங்க வீட்டு விஷயம்" என்றேன். "கோப்புல இருக்கே" என்றான்.

கடைசியில் அந்த அம்மா கேட்டாள். "இந்தக் குப்பை இப்ப யார் வார்டு?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது, பக்கத்து வார்டு என்று. பழக்க தோஷம். ஆனால் பக்கத்து வார்டு இப்போது எங்கே இருக்கிறது? என் சமையலறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. "திங்கட்கிழமை வரைபடம் முடிவானா, ஆறாம் வார்டு" என்றேன். "நீங்க?" என்றாள். "நானும் ஆறாம் வார்டு" என்றேன்.

எனக்கு ஆட்சேபணை இல்லை. இதை எழுத்தில் கொடுத்ததாக வைத்துக்கொள். நான் கீழேயே இருந்து, ஆறாம் வார்டிலேயே தேர்தலில் நிற்கப்போகிறேன். தோற்றாலும் தோற்கலாம். குப்பையைப் பற்றிக் கேட்டவர்கள் யாரும் ஓட்டுத் தருகிறோம் என்று சொல்லவில்லை.

மருந்துக்கடையில் அந்தத் தைலம் ஒரு புட்டி வாங்கினேன். இலவசம் என்று பலகை போட்டிருக்கிறான், விட முடியுமா? அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா


மார்ச் 30, திங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இன்று மாலை வரைபடம் முடிவாகி முத்திரை விழுந்தது. நம் சமையலறை வழியாகப் போகும் கோடு அப்படியே இருக்கிறது. செயலாளர் மேடம் நம் கோப்பை மூடிக் கயிறு கட்டும்போது, வாசிப்பு அறையில் இருந்தவர்கள், "அவ்வளவுதானா?" என்று கேட்டார்களாம். இந்தக் கடிதத்துக்கு நகல் கிடையாது. இது உங்களுக்கு மட்டும்.

விதி முடிந்துவிட்டது மாமா. இனி நாம் பேசலாம். எழுதி எழுதிப் பழகிவிட்டதால், நேரில் பார்த்தால் உங்களிடம் என்ன பேசுவது என்று இப்போதே கூச்சமாக இருக்கிறது. நாளை காலை கீழே வந்து உங்கள் கேள்விக்கு வாயால் பதில் சொல்கிறேன். "ஏம்மா, நம்ம வார்ட என்ன பண்றீங்க?" என்று மறுபடி கேளுங்கள். இந்தத் தடவை ஓட மாட்டேன்.

நீங்கள் மேலே வர வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன். அவன் மட்டும் விடாமல் தடுப்புக் கதவில் கரண்டியால் தட்டிக்கொண்டிருக்கிறான். என்ன சொன்னாலும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறான்.

உங்கள் மருமகள்


மார்ச் 30, இருட்டின பிறகு

மருமகளுக்கு,

பொத்தான் கிடைத்துவிட்டது. நீ விட்டுவிட்டு ஓடினாயே, அந்தச் செருப்பின் வாருக்கடியில் சிக்கியிருந்தது. உன் அத்தை இத்தனை நாளாக அதைத் தட்டாமலே எடுத்து வைத்திருக்கிறாள். இதைக் கோப்பில் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார். ஆலைக் குடியிருப்பில் கவலையாக இருக்கிறார்கள்.

நீ இறங்க வேண்டாம். தடுப்புக் கதவைத் திறந்து வை. கடையிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து படிக்கட்டுத் திருப்பத்தில் போட்டிருக்கிறேன். பாதி ஏறி, அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, மீதியை ஏறி வருகிறேன். நேரமாகும். அவசரப்படுத்தாதே.

அந்தத் திருப்பம் ஆறாம் வார்டா, ஏழாம் வார்டா? பேரன் கேட்டால் சொல்ல வேண்டும்.

மாமா
(நாற்காலியிலிருந்து)